புளியங்குடிக்குப் போய்த் திரும்பியது

பொன்செல்விக்கு,

வீட்டில் எழுதினால் யாருக்கு என்று அம்மா கேட்பாள். அதனால் தறிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்கு இப்போது சாப்பாடு இறங்குகிறதா?

அன்று மத்தியானம் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ரத்தம் போவுது, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாய். நான் பைக் சாவியை எடுத்துவிட்டேன். "தலைப்பிள்ளைன்னா அப்படித்தான் இருக்கும். கசாயம் தாரேன், அவளைப் படுக்கச் சொல்லுலே" என்றாள் அம்மா. நீ என்னைப் பார்த்தாய். நான் அம்மாவைப் பார்த்தேன். சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன்.

மறுநாள் டாக்டர், "நேத்தே வந்திருந்தா பிள்ளையைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். நீ ஆஸ்பத்திரியிலிருந்தே உன் அப்பாவோடு போய்விட்டாய். நான் தடுக்கவும் இல்லை.

நேற்று புளியங்குடியில் உன் வீட்டுக்கு வந்தேன். உள்ளே நீ இருமியது கேட்டது. மாமா வாசலிலேயே நின்று, "நீங்களா வந்தியளா மாப்ள, இல்ல உங்கம்மை அனுப்பி வந்தியளா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"போய்க் கூட்டிட்டு வாலே" என்று காலையில் அம்மாதான் சொல்லியிருந்தாள். அதற்கு முன் பதினெட்டு நாள் நான் புறப்படவே இல்லை. வாசலிலிருந்தே அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னைக் கட்டியவன்