ஊசி எழுபதுல நிக்கல்ல

மக்கா, இன்னைக்கு உனக்க பெட்டியத் தொறந்தேன்.

மூடியத் தூக்குனதும் ரெண்டு மணம் ஒண்ணாட்டு வந்துது. ஒண்ணு அந்தத் தடிக்க மணம், பென்சில் சீவுனா வருமே, அது. மத்தது நெத்தோலிக் கருவாடு. மூணு ஆடி கழிஞ்சாச்சு, இன்னும் போவல்ல. அது போவாது.

எனக்கு எழுத வராதுன்னு உனக்குத் தெரியும். மருமவ இந்தப் போனுல ஒரு எடத்தக் காட்டித் தந்திருக்கா, அதத் தொட்டுட்டுப் பேசுனா அதுவே எழுதிக்கிடுமாம். நாம பேசுத பேச்சு அதுக்குப் பாதி வெளங்காது. வெளங்குன மட்டும் எழுதட்டு. ஆரையாவது கூப்பிட்டு எழுதச் சொல்லலாம்தான், ஆனா இது இன்னொருத்தன் காதுல விழக்கூடிய காரியமில்ல. வெளிய சரியான மழை. களத்துல ஒரு பயலும் இல்ல. அதான் பேசுதேன்.

நம்ம ரெண்டு பேருக்க வேலையப் பத்தி ஊருக்குள்ள ஒரு சிரிப்பு உண்டும், ஞாவகம் இருக்கா? எனக்குக் கொப்பரைக் களம். ஏழு வயசுல தேங்கா பெறக்கப் போனவன், இன்னும் அதே களத்துலதான் கெடக்கேன். தேங்காய ஒடைக்கணும், வெயில்ல காய வைக்கணும், மழை வந்தா அள்ளிட்டு ஓடணும். ஈரம் எனக்கு எதிரி. நீ பத்தாங்கிளாஸ் வரைக்கும் போயி, கடலுக்கு அந்தாண்ட கப்பல் மாதிரி ஒரு ஓட்டல்ல வேலைக்குச் சேந்தே. மொத லீவுல வந்தப்போ சாயாக் கடையில வச்சு எல்லாரும் உன்னச் சுத்திக்கிட்டு, "அங்க என்ன வேலைலே?"ன்னு கேட்டானுவ. "சுருட்டுக்கு ஈரம் பாக்குத வேலை"ன்னு சொன்னே. கடையே நிமுந்து பாத்துது.

"என்னது?"

"கண்ணாடி போட்ட ஒரு ரூமு. சொவரு பூரா சுருட்டு அடுக்கியிருக்கும். அங்க ஒரு ஊசி உண்டும், கடியாரம் மாதிரி. அது எழுபதுல நிக்கணும். கொறஞ்சா எலை ஒணந்து பொடிஞ்சிரும். கூடுனா பூஞ்சை பிடிச்சுப் பூத்துப்போவும். அதுக்குக் காவலு நான்."

"அப்பம் நீ சுருட்டுக்கு ஆயாவாக்கும்"னு சாயாக்காரன் சொன்னான். எல்லாவனும் சிரிச்சான், நீதான் ரொம்பச் சிரிச்சே. பொறவு எனக்க தோள்ல கையப் போட்டுக்கிட்டு, "இவன் ஈரத்த வெரட்டுதான், நான் பிடிச்சு வைக்கேன். எங்க ரெண்டு பேரையும் ஒரு எடத்துல உக்கார வச்சா ஊருக்கு மழை அளவாட்டு பெய்யும்"னே. அந்தச் சிரிப்பு எனக்கு இப்பமும் கேக்குது.

உனக்க மவன் செல்வின் பிறந்தப்போ நீ இங்க இல்ல. அங்க உனக்கு மேல இருந்த ஆளு ஒரு சின்னப் பெட்டிச் சுருட்டக் கையில தந்தாராம். அங்க வாற பெரிய ஆளுவ வீட்டுல பிள்ளை பிறந்தா ஒரு பெட்டிய எடுத்து வச்சு, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆவும்போதான் தொறப்பாவளாம். நீயும் அதே மாதிரி வச்சே. மூடிக்கு உள்பக்கம் பென்சிலால மவனுக்க பேர எழுதுனே. எனக்கு வாசிக்க வராட்டாலும் அந்த எழுத்து மட்டும் தெரியும், நீ தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கே.

ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வருவே. பிள்ளை அம்மைக்குப் பொறத்தால போயி ஒளிஞ்சு நிக்கும். "ஏலே செல்வினு, அப்பா வந்திருக்கேம்லே"ன்னு நீ குனிஞ்சு நிப்பே. அவன் பழகி உனக்க மடியில ஏறும்போ உனக்கு டிக்கெட்டு வந்துரும். அவன் பன்னெண்டு படிக்கும்போ உனக்க பெண்டாட்டி கண்ண மூடிட்டா. அங்க லீவுக்குக் கையெழுத்துக் கெடைக்காம நீ ஒம்பதாம் நாளு வந்தே. அன்னைக்கு அந்தப் பய வாசல்ல நின்னு சொன்னான், நானும் பக்கத்துலதான் நின்னேன்: "அப்பாக்கு நான் என்ன கிளாஸ் படிக்கேன்னு தெரியாது. அந்தப் பெட்டிக்குள்ள எத்தன பெர்சென்ட்னு மட்டும் தெரியும்." நீ பையத் தரையில வச்சுட்டு அது மேலயே உக்காந்துட்டே.

எங்கயோ தொடங்கி எங்கயோ போறேன். உனக்கு எனக்க பேச்சு தெரியும்.

ஒரேயடியா ஊருக்கு வந்தே. சுருட்டக் காக்க, வெளிய அதே மாதிரி ஊசி வச்ச இந்தப் பெரிய பெட்டியும் கூட வந்துது. அங்க வறண்ட காத்து, ஈரம் குடுத்தா போதும். இங்க நம்ம மண்ணு சும்மாவே நனஞ்சு கெடக்கும். பங்குனி சித்திரையில பேட்டரிக்கு ஊத்துத வெள்ளம் வாங்கி பெட்டிக்குள்ள இருக்க ஸ்பாஞ்ச நனைப்பே. "கெணத்து வெள்ளம் போராதா?"ன்னு கேட்டேன். "அதுல உப்பு உண்டுலே, அழுக்கும் உண்டும், பூத்துரும்"னே. மழை தொடங்கினா ஸ்பாஞ்ச வெளிய எடுத்துட்டு, புதுச் செருப்புப் பெட்டியில கெடக்குமே குருணப் பொட்டலம், ஈரம் குடிக்கது, அத வைப்பே. மாசத்துக்கு ஒருக்க அடியில கெடக்கத மேலயும் மேல கெடக்கத அடியிலயும் மாத்துவே. பிள்ளையப் பெரட்டிப் படுக்க வைக்குத மாதிரி இருக்கும் அதப் பாக்க.

ஒரு நாளு ஒரு சுருட்டுல குண்டூசி குத்துன மாதிரி ஓட்டை. வண்டு தொளச்சதுன்னே. முட்ட எலைக்குள்ளயே இருக்குமாம், சூடு கூடுனா வண்டு பொரிஞ்சு வருமாம். எல்லாத்தையும் பையில கெட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு ஓடி வந்தே, எங்க பிரிட்ஜு பெருசுல்லா. எனக்க வீட்டுக்காரி பங்கஜம் மறிச்சு நின்னா.

"எண்ணே, அதுல சாளை வச்சிருக்கேன். சுருட்ட எங்க கொண்டு வைக்க?"

"சாளைய இன்னைக்கே கொழம்பு வையி பிள்ளே. மூணு நாளு குளுருல கெடந்தாத்தான் அந்தச் சவம் சாவும். நல்லாக் கெட்டியிருக்கேன். இது பக்கத்துல இருக்க மணத்த எல்லாம் குடிச்சுரும், அதனால மீன மட்டும் மாத்திரு."

அன்னைக்கு எங்க தெருவுக்கே சாளைக் கொழம்பு.

பொறவு உனக்குத் தொண்டையில வந்துது. டாக்டர் கேட்டாரு, "ஒரு நாளைக்கு எத்தன குடிப்பீங்க?" நீ சொன்னே, "ஒண்ணு கூட பத்த வச்சதில்ல சார்." உள்ளதுதான். முப்பது வருசம் மத்தவன் விட்ட பொகையில நின்னவன் நீ. நெய்யூர் ஆசுவத்திரியில கொண்டு சேக்குத அன்னைக்கு, ஆனி மாசம், பெட்டிய எனக்க கையில தந்தே. செல்வினுக்கு ஆவணியில கல்யாணம். உன்ட்ட பேசாமலே கெடந்தவன், கல்யாணத்துக்கு அப்பா வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தைக்கு உனக்கு உசுரு திரும்பி வந்துது.

"கல்யாணத்தன்னைக்குப் பெட்டிய அவன் கையில குடுத்துத் தொறக்கச் சொல்லணும்லே. அவன் பிறந்த அன்னையிலேருந்து நான் எதையும் மறக்கல்லன்னு அவன் கண்ணால பாக்கட்டு. நீ ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா சும்மா தொறக்காத. ஊசியப் பாரு. கூடுனா பொட்டலத்த மாத்து. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் சொன்னே. என்னால அது முடியல்ல.

அந்த ஆடியில சாரலு விடாமப் பெஞ்சுது. ஊசி எண்பதத் தாண்டிப் போச்சு. பொட்டலத்த மாத்துனேன், எறங்கல்ல. மனசு கேக்காம மறுபடியும் தொறந்து பாத்தேன். மேல கெடந்த நாலஞ்சு சுருட்டுல வெள்ளையா, சாம்பலு தூவுன மாதிரி. ஆனா மக்கா, ஒண்ணு உள்ளதச் சொல்லுதேன், பயந்த மாதிரியே ஒரு தைரியமும் வந்துது. பூத்துப்போனத எப்பிடிச் சரியாக்கணும்னு எனக்குத் தெரியாதா? அம்பத்தஞ்சு வருசமா அதத்தானே செய்யுதேன். கொப்பரை பூத்தா சாக்கால தொடச்சு வெயில்ல போடணும். பப்படம் பூத்தாலும் வெயிலு. நல்லமிளகு பூத்தாலும் வெயிலு. வெயிலுக்கு மிஞ்சி நம்ம ஊருல என்ன மருந்து உண்டும்?

மறுநாளு மழை விட்டு வெயிலு சுள்ளுன்னு வந்துது. எல்லாத்தையும் சொளவுல பரத்தி மொட்டை மாடியில வச்சேன். பங்கஜம் கடியப்பட்டணத்து மீன்காரிட்ட வாங்கின நெத்தோலிய அங்கனதான் காயப் போட்டிருந்தா. ரெண்டு சொளவும் பக்கத்துல பக்கத்துல. கொப்பரைக்கு நேரம் பாக்குத கணக்குல, உச்சி சாஞ்ச பொறவு போயிப் பாத்தேன். வெள்ளை போயிருந்துது. கூடவே தோலும் போயிருந்துது. வெடிச்சு, பிரிஞ்சு, கையில எடுத்தா கலகலன்னு உதிருது.

அதோட நிறுத்தியிருந்தா நாலெண்ணமாவது மிஞ்சியிருக்கும். ஒணந்தா ஈரம் குடுக்கணும்னு நீ சொன்னது அப்பம்தான் மனசுல ஓடுச்சு. வெள்ளத்தத் தொட்டுத் தெளிச்சேன். ஊறிப் பொடச்சு, மிச்சமும் பிளந்துது. கொண்டு போயி பெட்டிக்குள்ள அடுக்கி மூடிட்டு, அந்த மூடி மேல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பங்கஜம் வந்து பாத்தா. "அண்ணன்ட்ட சொல்லிருங்க"ன்னா. "நீ வாய மூடுட்டி"ன்னு கத்துனேன்.

அதுக்குப் பொறவு உன்னப் பாக்க வந்தேன். தொண்டையில கொழாயி போட்டிருந்துது, பேச்சில்ல. என்னக் கண்டதும் கையத் தூக்கி ஏழு வெரலக் காட்டுனே, பொறவு கைய மடக்கி முட்டை போட்டே. எழுபதான்னு கேட்டே. நான் தலையாட்டுனேன். உனக்கு மூஞ்சி தெளிஞ்சுது. அடுத்த மட்டமும் அதே ஏழு, அதே முட்டை, அதே தலையாட்டு. கடைசியா வந்த அன்னைக்கு உனக்கு ஏழு வெரலு தூக்க முடியல்ல. மூணு வெரலுதான் எழும்புச்சு. என்ன கேக்கேன்னு எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கும் தலையாட்டுனேன் மக்கா.

ஆடி கழியதுக்கு முன்னாலயே நீ போயிட்டே.

செல்வின் வந்தான். உன்ன நடு வீட்டுல வச்சிருந்துது. அவன் அழல்ல, என்ட்ட வந்து காதோட காதா கேட்டான்: "மாமா, அப்பாக்க பெட்டி ஒங்கட்டயா இருக்கு? ஒண்ண எடுத்து அப்பா பாக்கெட்டுல வச்சு அனுப்பணும்." என்னால இல்லன்னு சொல்ல முடியுமா? போயி எடுத்துட்டு வந்தேன். வாற வழியில நூறு மட்டம் நெனச்சேன், சொல்லிரணும் சொல்லிரணும்னு. அவன் உனக்க தலமாட்டுல நின்னு மூடியத் தூக்குனான். ஒரு சுருட்ட எடுத்தான். அது அவன் வெரலுக்கு இடையில பொடிஞ்சு உனக்க வெள்ளச் சட்டை மேல விழுந்துது. மீன் நாத்தம் வேற. சொந்தக்காரி ஒருத்தி மூக்கப் பொத்துனா.

அவன் அந்தப் பொடியப் பாத்துட்டே நின்னான். "இதுக்காக்கும் எங்களயெல்லாம் விட்டுட்டு இருந்தாரு"ன்னான். பொறவு, "இதக்கூட ஒழுங்காப் பாக்கல்லயே மாமா"ன்னு எனக்க மூஞ்சியப் பாத்துக் கேட்டான்.

பதிலு எனக்க நாக்குல இருந்துது. 'அப்பன் ஒழுங்காத்தான்டே பாத்தான், நாசமாக்குனது நான்.' அத்தன பேரு நின்னாவ. எனக்க வாய் தொறக்கல்ல. அவன் உனக்க சட்டையில கெடந்தத ஊதிட்டுப் பெட்டிய மூடி என்ட்டயே தந்தான். கல்லறையில பாஸ்டர் ஜெபம் முடிச்சு எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண்ணு போட்டோம். செல்வின் கையக் கெட்டிக்கிட்டு வேலிப் பக்கம் நின்னான். "மவன் போடட்டு, மவன் போடட்டு"ன்னு கூப்பிட்டுப் பாத்தாவ. வரல்ல.

நான் ரெண்டு பிடி போட்டேன். ஒண்ணு அவனுக்குப் பதிலாட்டு. அதுவும் நீ அறிய மாட்டே.

போன வாரம் அவன் போன் பண்ணினான். பொம்பளப் பிள்ளை பிறந்திருக்காம். "உனக்க தாத்தனுக்க கூட்டுக்காரன் பேசுதேன் மக்களே"ன்னு போனுக்குள்ள கத்துனேன், அது வீலுன்னுது, அவன் சிரிச்சான். சிரிச்சுட்டு, "மாமா, அந்தப் பெட்டி கெடக்கா?"ன்னு கேட்டான். "எதுக்குடே?" "சும்மாதான். பிள்ளையத் தூக்கும்போ ஞாவகம் வந்துது."

அப்பம் சொன்னேன். மழை, பூப்பு, சொளவு, நெத்தோலி, வெள்ளம், எல்லாத்தையும். உன்ட்ட தலையாட்டுனதையும்.

அந்தப் பக்கம் பிள்ளைக்க சத்தம் மட்டும் கேட்டுது. பொறவு கேட்டான், "அதுக்கு முன்ன நல்லாவா இருந்துது?"

"இருந்துதுடே. நீ பிறந்த அன்னைக்கு எப்பிடியோ, அப்பிடியே."

"அன்னைக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் ஒரு பிடி மண்ணாவது போட்டிருப்பேனே மாமா."

போன வச்சுட்டான். அதுக்குப் பொறவு நான் தெனமும் விளிக்கேன். எடுக்கல்ல. அவனக் குத்தம் சொல்ல மாட்டேன்.

பெட்டியில இப்பம் ஒண்ணும் இல்ல. பொடியக் கூட நான் அன்னைக்கே உனக்க கல்லறைக்கு மேல கொண்டு கொட்டிட்டேன். இருந்தாலும் கோடையில பேட்டரி வெள்ளம் வாங்குதேன், மழையில பொட்டலம் மாத்துதேன். "காலிப் பெட்டிக்கு எதுக்கு இந்தப் பாடு?"ன்னு பங்கஜம் கேப்பா. அவளுக்கு என்ன சொல்ல? நீ கேட்டுட்டுக் கெடக்கேல்லா, ஏழு வெரலக் காட்டி.

அதனால இன்னைக்குத் தொறக்கதுக்கு முன்னாலயே கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஊசிய நல்லாப் பாத்தேன். கேளு மக்கா. எழுபது இல்ல. எண்பத்து மூணு.