சம்மணம் போடாத பிள்ளை

கொட்டாஞ்சேனை,
1937 ஜனவரி 11

மாலைதீவில் மாசிக் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே என்னை மறந்திருக்கும் என் அன்புக் கணவருக்கு, நளீபாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம்.

உங்கள் கடிதம் வந்து இத்தனை மாதம் கழித்து, அந்தப் பக்கம் போகும் ஓடம் இன்றுதான் கிடைத்தது. குர்ஆன் ஓதிக்கொடுக்கும் பதியுதீன் லெப்பையின் முறைப்பாட்டைக் கேட்டு, எட்டு வயது மகளுக்கு ஒழுக்கம் படிப்பிக்கச் சொல்லியிருந்தீர்கள். குர்ஆனுக்கு முன்னால் காலை நீட்டுகிறாள், அடித்தாலும் மடக்குகிறாள் இல்லை என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் நம் ஷபீகா திமிர் பிடித்தவள் அல்லவே. பாயில் சம்மணம் போடச் சொல்லி நானே பார்த்தேன். இடது கால் பாதியிலேயே நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முழங்கால் நோகிறது என்று அவள் மாதக்கணக்காகச் சொன்னது உங்களுக்கும் தெரியும். வளரும் பிள்ளைக்கு வருவதுதான் என்றார்கள். எண்ணெய் தேய்த்ததும் ஓதி நூல் கட்டியதும் முழங்காலுக்கே. அடுத்த வீட்டுப் புளோறன்ஸ் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்களைக் கேட்காமல்தான் போனேன், கோபித்தால் கோபியுங்கள். டொக்டர் இடுப்பை அசைத்துப் பார்த்து எக்ஸ்ரே எடுத்தார். வளர்ச்சி நோவென்றால் இரண்டு காலிலும் வரும், விடிந்தால் போய்விடும், பிள்ளை நொண்டாது என்றார். இது இடுப்பு மூட்டு எலும்பு நலிந்த வருத்தமாம், நோ மட்டும் முழங்காலில் தெரியுமாம். காலை ஊன்றாமல் படுத்திருக்காவிட்டால் ஆயுளுக்கும் நொண்டுவாள் என்றபோது எனக்கு உயிரே போய்விட்டது.

ஓடியாடித் திரிந்தவள், காலை இழுத்துப் பிடிக்க மணல் பை கட்டி, மழைக்காலம் முழுக்கக் கட்டிலில் கிடந்தாள். வாயே திறக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உங்கள் பிள்ளை அல்லவா, கோபம் வந்தால் தலையணை பறக்கும். ஆனால் காலை ஊன்றவில்லை. விஷயம் தெரிந்து லெப்பை வீட்டுக்கே வந்தார். "எனக்குத் தெரியாமப் போச்சே மகள்" என்று அவள் தலையைத் தடவிக் கண் கலங்கினார். அன்று முதல் கட்டிலருகே இருந்து ஓதிக்கொடுத்தார். போன வெள்ளிக்கிழமை குர்ஆனை முழுதாக ஓதி முடித்துவிட்டாள்! கூடத் தொடங்கிய பிள்ளைகள் இன்னும் பாதியில் நிற்கிறார்கள். தெருவுக்கே வட்டிலப்பம் கொடுத்தேன். என் பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்!

இந்தக் கிழமைதான் ஊன்றுகோலோடு எழும்பி நிற்க விட்டிருக்கிறார்கள். கால் மெலிந்திருக்கிறது. முழுக்கச் சரியாகுமா என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்றார் டொக்டர். ஷபீகாவிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. "வாப்பா வந்தா நான்தான் நடந்து போய்க் கூட்டிவருவன்" என்று கட்டிலுக்கும் கதவுக்கும் இடையே ஒத்திகை நடக்கிறது.

ஓடங்களை இந்தக் கரைக்குக் கொண்டுவரும் சோளகக் காற்றோடு அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளைக் கண்டதும் ஓடிவந்து தூக்கிவிடாதீர்கள். எவ்வளவு நேரமானாலும் வாசலிலேயே நில்லுங்கள். அவள் வருவாள்.

உங்கள்
நளீபா