பிள்ளை கட்டும் துணி மீது எனக்குள்ள சந்தேகங்கள்

திங்கள், 3ம் தேதி

மேகம். மழை வரும் போல இருந்து வரவில்லை. மாடியில் காயப்போட்ட புடவைகளை இரண்டு முறை எடுத்து இரண்டு முறை போட்டாயிற்று. முழங்கால் வலி.

இது நான் வேலை பார்த்த புடவைக் கடையில் கொடுத்த பழைய வருடத்து டைரி. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்கிறேன். எழுதக் காரணம் உண்டு. ஆதாரம் வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால், "மாமா, நீங்க அப்பவே சொல்லலையே" என்று யாரும் கேட்கக் கூடாது. சொன்னேன். இதோ தேதி.

விஷயம் இதுதான். அக்கா மகள் தேவி, குழந்தையை ஒரு துணியில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திரிகிறாள். அக்கா உயிரோடு இல்லை, மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. ஆகவே அவளுக்குத் தாய் வீடு என்றால் மந்தைவெளியில் என்னுடைய இந்த ஒன்றரை அறைதான். குழந்தை நாள் முந்திப் பிறந்தது. பெண். பேர் வைக்கவில்லை, குட்டி என்கிறோம். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா சொன்னது: "அம்மா நெஞ்சோட ஒட்டியே வச்சிருங்க. கங்காரு மாதிரி."

கங்காருவாம். இந்தத் தெருவில் அதை நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். வண்டலூரில். (வண்டலூரில் கங்காரு ஏது என்று சரோஜா கேட்கிறாள். இருந்தது. எனக்குக் கை கொடுத்தது.) சரோஜா என் வீட்டுக்காரி. இனிமேல் ச.

வெள்ளி 14ம் தேதி எடை போடக் கொண்டுபோக வேண்டும். ஏறாவிட்டால் திரும்பப் பெட்டிக்குள். தாய் வெளியே பெஞ்சில். டாக்டர் அதைச் சொன்ன நாளிலிருந்து தேவிக்குப் பேச்சில்லை. "ம்." "வேணாம்." அவ்வளவுதான் அவள் தமிழ்.

செவ்வாய், 4

வெயில். மோர் புளித்துவிட்டது.

தேவி குளிக்கப் போன நேரம் துணியைப் பரிசோதித்தேன். தி.நகரில் முப்பது வருடம் புடவை விரித்த கை இது. கண்ணைக் கட்டிவிட்டுத் தொடச் சொன்னாலும் எந்த ஊர் நெசவு, எத்தனை சாயம் குடித்தது, எப்போது கிழியும் எல்லாம் சொல்வேன். இது நெசவே இல்லை. பனியன் துணி. ஐந்து மீட்டர். பார்டர் இல்லை, முந்தானை இல்லை. இழுத்தால் வருகிறது, விட்டால் போகிறது. இப்படி ஆடுகிற துணியை நம்பி ஒரு உயிரைத் தொங்கவிடலாமா?

சந்தேகங்கள்:
1. மூச்சு முட்டும்.
2. கால் தவளை மாதிரி மடங்கியே இருக்கிறது. வளைந்துவிடும்.
3. கைப்பழக்கம். இறக்கிவிட்டால் அழும். (இறக்கிவிட்டேன். அழுதது. சரி.)
4. பால் வாசனை. இரண்டு வாரமாகத் துவைக்கவில்லை. ஏன்?
5. சாயங்காலம் நாலு மணிக்கு அதைக் கட்டிக்கொண்டு வெளியே போகிறாள். ஆறுக்கு வருகிறாள். எங்கே?

அஞ்சாவதுதான் பெரியது. ச.விடம் சொன்னேன்.

"காத்தாட நடக்குது. உனக்கு இன்னா?"

"ரெண்டு மணி நேரமா காத்து?"

"நீ கடைக்குப் போறேன்னுட்டு டீக்கடைல நாலு மணி நேரம் கத வுட்டுட்டு வருவியே, அப்ப நான் கேட்டனா?"

டீக்கடைக்குக் கிளம்பிவிட்டேன். 

புதன், 5

காலை: மீன்கார அஞ்சலையிடம் ரகசியமாக விசாரணை. தெருத்தெருவாகப் போகிறவள், தேவியை எங்கேயாவது பார்த்திருப்பாள். அவளுக்கு ரகசியமாகப் பேச வராது.

"பாத்தனே! கொளத்தாண்ட சுத்திக்கினு கீது. கொயந்த ஜம்முனு தூங்குது. எம் மருமவளுக்கும் அந்தத் துணி எங்க கெடைக்கும்னு கேட்டு சொல்லு நைனா. ரெண்டு கையும் ஃப்ரீயா கீது பாரு, மீனுகூட வெட்லாம்."

கோயில் குளத்தருகே என்ன வேலை?

நாலு மணி: பின்தொடர்ந்தேன். முப்பதடி இடைவெளி. போலீஸ்காரன்கூட இப்படிப் பின்தொடர முடியாது. குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். (மழை இல்லை. ஒரு சின்னப்பெண் சிரித்தது.) மாட வீதிக்குள் நுழைந்தாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. எதுவும் வாங்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றில் கவனித்தேன், உதடு அசைகிறது. ஆஹா, போன்! காதில் சின்னதாக எதையோ செருகிக்கொண்டு யாரிடமோ பேசுகிறாள்.

முழங்காலைப் பார்க்காமல் நெருங்கினேன். பாத்திரக் கடை வாசலில் நின்றாள். குட்டியின் தலை அவள் முகவாய்க்கு நேர் கீழே, துணிக்கு வெளியே ஒரு எலுமிச்சம்பழம் மாதிரி. காதில் ஒன்றும் இல்லை. அதனிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"இது பாத்திரக் கடை. வெங்கலப் பானை தொங்குது பாரு. இது வளையல் கடை, பெருசாயிட்டு வரலாம். இது நாட்டு மருந்துக் கடை, நெடி வருதா? இது காபிக்கொட்டை அரைக்கிற எடம்..."

ஒரு கடை விடவில்லை. இரண்டு வாரத்தில் எங்களிடம் பேசாத பேச்செல்லாம்.

வீட்டுக்கு அவளுக்கு முன்பே வந்துவிட்டேன். வந்ததும், "எங்கம்மா போயிருந்தே?" என்றேன். "சும்மா." அவ்வளவுதான்.

சந்தேகம் 6: எங்களிடம் பேச என்ன கஷ்டம்? ச. சமைத்துப் போடுகிறாள். நான் என் வாழ்க்கையில் நடந்த சுவாரசியமான சம்பவங்களைத் தினமும் சொல்கிறேன். யார் இதெல்லாம் செய்வார்கள்?

வியாழன், 6

தூறல். ஒன்றும் விசேஷம் இல்லை. கத்திரிக்காய் கசந்தது. குட்டி நான்கு முறை தும்மியது. எழுதிவைக்கிறேன்.

சனி, 8

விடியலில் ச. காஞ்சிபுரம் போனாள், அவள் தம்பி மகளுக்குக் காது குத்து. நாளைதான் வருவாள். "துணிமணில கை வெக்காத, வெந்நி மட்டும் போட்டுக் குடு" என்று எனக்கு உத்தரவு.

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் ஆதாரம் என்று ஆரம்பித்துவிட்டேன்.

காலை எட்டு மணிக்குத் தேவி குட்டிக்குப் பால் கொடுத்து அப்படியே தூங்கிப்போனாள். கொக்கியில் துணி. புளிப்பு வாடை. பார்த்துக்கொண்டே இருந்தேன். கை சும்மா இருக்கவில்லை. இந்தத் தெருவில் காட்டன் புடவைக்குக் கஞ்சி போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கடையில் முப்பத்தைந்து வருடம் இருந்தபோது, ஒரு மந்திரி வீட்டிலிருந்து என்னைக் கேட்டுக் கார் வந்திருக்கிறது. நல்ல சோப்பு, இரண்டு அலசு, சொட்டு நீலம், வடித்த கஞ்சி வடிகட்டி. ஆடுகிற துணி, கஞ்சி போட்டால் ஆடாது, குழந்தைக்குப் பிடிமானம். இதுதான் என் எண்ணம். கெட்ட எண்ணம் இல்லை. மாடியில் நல்ல வெயில். இஸ்திரி போட்டேன். மடித்ததும் அட்டை மாதிரி நின்றது. அழகு!

குட்டி எழுந்தது. தேவி துணியை எடுத்தாள். கையில் பிடித்தபடி நின்றாள். முகர்ந்து பார்த்தாள்.

"மாமா, இத இன்னா பண்ணீங்க?"

"துவைச்சு கஞ்சி போட்டேன்மா. பாரு, எப்படி நிக்குது!"

கட்டிப் பார்த்தாள். இழுபடவில்லை. குட்டியின் கழுத்தில் மடிப்பு உரசிச் சிவந்துவிட்டது. அவிழ்த்தாள். தூக்கிவைத்துப் பால் கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பியது. பதினொரு மணிக்கு ஆரம்பித்த அழுகை. பன்னிரண்டு. ஒன்று. தொட்டிலில் போட்டால் அழுகை, தோளில் போட்டால் அழுகை. அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கே இருந்தது?

தேவி என்னைத் திட்டியிருக்கலாம். தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அவளும் அழுதாள்.

"அது என் மேல ஒட்டிக்கினு இருந்தாத்தான் மாமா ஒழுங்கா குடிக்குது. இந்தத் துணில வந்ததிலேர்ந்துதான் குடிக்கவே ஆரம்பிச்சுது. என் வாசன அதுல இருந்துது. அது என் மேல இருந்தாத்தான் எனக்கும்..."

"எனக்கும்?"

"நான் ஒரு ஆளு இருக்கேன்னு தெரியுது."

 

துணியை வெந்நீரில் ஊறவைத்தேன். ஒரு அலசு, இரண்டு, ஆறு. கஞ்சி போகிறது, ஆனால் மழை பிடித்துக்கொண்டது. காயாது. எடை போட இன்னும் ஆறு நாள்.

யோசித்தேன். துணி பற்றி எனக்குத் தெரியாதது கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேனே. அப்படியானால் சொல்லட்டும் கை. பீரோவைத் திறந்தேன். பட்டு வழுக்கும். சிந்தெடிக் வேர்க்கும். புது காட்டன் கடிக்கும். அடியில் ச.வின் அரக்குச் சுங்கடி. எட்டு வருடம் துவைத்துத் துவைத்துக் காது மடல் மாதிரி ஆகியிருந்தது. கஞ்சியே காணாத புடவை, ச. என்னிடம் தரவே மாட்டாள். அகலம் அதிகம். கத்தரிக்கோலை வைத்தேன். நீளவாட்டில் இரண்டாக.

நர்ஸம்மா கொடுத்த காகிதம் அலமாரியில் இருந்தது. முதல் முறையாகப் படித்தேன். முகம் வெளியே தெரிய வேண்டும். முகவாய் நெஞ்சில் குத்தக் கூடாது. குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரம். முழங்கால் இடுப்புக்கு மேலே, தவளை மாதிரி. அதுதான் சரியாம். (சந்தேகம் 1, 2 தற்காலிகமாக நிறுத்திவைப்பு.)

பாதித் துணியைத் தேவியிடம் கொடுத்து, மீதிப் பாதியை என் மேல் கட்டிக் காட்டினேன். தோளுக்குத் தோள் குறுக்கே, முதுகில் மாற்றி, இடுப்பில் முடிச்சு. அவளும் அப்படியே கட்டிக்கொண்டாள்.  குட்டி உள்ளே போனது. விக்கியது, விக்கியது, ஓய்ந்தது. அரை மணி கழித்து அவள் முகத்தைப் பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினாள். குடிக்கிறது.

சாயங்காலம் அவளுக்கு நிற்கவே தெம்பில்லை. "ஒரு மணி நேரம் படும்மா" என்று குட்டியை என் பாதிக்குள் வாங்கிக்கொண்டேன். ஒரு பூனைக்குட்டி கனம். சூடு. என் நெஞ்சுக்கூட்டில் யாரோ விரலால் தட்டுகிற மாதிரி அதன் மூச்சு. உட்கார்ந்தால் சிணுங்குகிறது. ஆகவே நின்றேன். முழங்காலாவது ஒன்றாவது.

அஞ்சலை பாக்கி மீனோடு வாசலில். "அய்ய! இன்னா நைனா, உனுக்கு எப்ப பொறந்துச்சு? சொல்லவே இல்ல?"

"சத்தம் போடாதே. தூங்குது."

"மூக்குகூட உன்னாட்டமே கீது!"

ஞாயிறு, 9

ச. வந்தாள். முதலில் சுங்கடியைப் பார்த்தாள், பிறகு என்னை. கஞ்சி விவரம் தெரிந்தால் இந்த வீட்டில் எனக்குச் சோறு இல்லை. வாயைத் திறப்பதற்குள் தேவி சொன்னாள்: "நாந்தான் அத்த. அந்தத் துணிய தெரியாம கஞ்சில முக்கிட்டேன். மாமாதான் பொடவைய கிழிச்சு சமாளிச்சாரு."

ச. என்னைப் பார்த்தாள்.  "இந்த வூட்ல கஞ்சி போடுற ஆளு யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தேவி ஏன் என்னைக் காப்பாற்றினாள்? இவ்வளவு நீளமாக ஏன் பேசினாள்? சந்தேகமாக இருக்கிறது.

புதன், 12

வெயில். பனியன் துணி காய்ந்து பழையபடி இழுபடுகிறது. ஆனால் தேவி சுங்கடியைத்தான் கட்டுகிறாள். காரணம் கேட்டேன். "மெத்துன்னு இருக்கு மாமா." நாற்பது வருட அனுபவம் என்றேன். சிரித்தாள். பல் தெரிந்தது.

என் முறை: காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். நானாகக் கேட்கவில்லை. அழுகிறது, வாங்கிக்கொள்கிறேன். அழாவிட்டாலும் எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கிக்கொள்கிறேன்.

வெள்ளி, 14

ஆட்டோ. எல்டாம்ஸ் ரோட்டில் நெரிசல். தேவி வழி முழுக்கக் குட்டியின் உச்சியில் உதட்டை வைத்தபடி. என் கை வேர்த்தது. முன்னால் இருந்த லாரி காரணம்.

தராசு மீது எனக்கு நம்பிக்கை இல்லை. காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தேன். "தள்ளுங்க தாத்தா" என்றாள் நர்ஸம்மா. துணியிலிருந்து எடுத்து வைத்தார்கள். கால் உதைத்தது. எண் ஓடியது, நின்றது. தேவி பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான்தான் பார்த்தேன்.

"நல்லா ஏறியிருக்கு. பெட்டி வேணாம். இப்படியே வச்சிருங்க" என்றாள் நர்ஸம்மா. சுங்கடியைத் தொட்டுப் பார்த்து, "யாரு குடுத்த ஐடியா?" என்றாள்.

"மாமா" என்றாள் தேவி. அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் வேறு மாதிரி அழுகை.

ஆட்டோக்காரரிடம் முக்கால் கிலோ ஏறியது என்றேன். அஞ்சலையிடம் ஒரு கிலோ. இங்கே மட்டும் எழுதுகிறேன்: இருநூற்று எண்பது கிராம்.

சனி, 15

லேசான காற்று. தேவி மத்தியானமே படுத்து நன்றாகத் தூங்குகிறாள். நாலு மணிக்குக் குட்டியைக் கட்டிக்கொண்டு நானே கிளம்பினேன். ச.விடம் தபால் ஆபீஸ் என்றேன்.

மாட வீதி. ஒரு சுற்று. ஜனம் பார்த்தது. பார்க்கட்டும். இரண்டாவது சுற்றில் குட்டி கண் விழித்து என்னையே பார்த்தது. பேசாமல் எப்படிப் போவது? பாத்திரக் கடை என்றேன். வளையல் கடை, இதன் முதலாளி என்னிடம் தொழில் கற்றவன் என்றேன். நாட்டு மருந்துக் கடை. காபிக்கொட்டை. முதுகில் ஏதோ உறுத்தியது. மூன்றாவது சுற்றில் பாத்திரக் கடைத் தாம்பாளத்தில் பின்பக்கம் தெரிந்தது. முப்பதடி தூரத்தில் ஒரு குடை. வெயிலுமில்லை, மழையுமில்லை.

திரும்பிப் பார்க்கவில்லை. குட்டியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன்: இது பூக்கடை. அதற்குப் பின்னால் ஒளிந்திருப்பது சரோஜா.