நான்காம் மேசைக்கு ஆள் வரவில்லை

அக்கா,

இன்று காலை அச்சகத்துக்கு ஒரு நிகழ்ச்சி நிரல் வந்தது. மதுரையில் இரண்டு நாள் பலகை விளையாட்டுத் திருவிழா நடத்துகிறார்களாம். எந்த மேசையில் எந்த ஆட்டம், எத்தனை மணிக்கு, எதிரெதிரே யார் யார் என்று கட்டம் கட்டமாகப் போட்டு அனுப்பியிருந்தார்கள். பிழை பார்க்கப் பேனாவை எடுத்தேன். 'மேசை 4, காலை 10.30' என்ற வரிக்கு வந்ததும் அதற்குக் கீழே போக முடியவில்லை. அந்த வரியில் பிழை ஒன்றும் இல்லை. தாளை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் அத்தா அப்போது இதே அச்சகத்தில் பாம்பு ஏணி, தாயம், சதுரங்கம் என்று அட்டைப் பலகைகள் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார். நீங்கள் பேக்கிங்கில் இருந்தீர்கள். காய்களையும் பகடையையும் எண்ணிப் பெட்டிக்குள் போட்டு ஒட்டுவது உங்கள் வேலை. புதிய ஆட்டம் ஏதாவது வந்தால், சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு தடவை ஆடிப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவீர்கள். "ஆடிப் பாக்காம எப்படி பாப்பா மூடுறது? ஒரு காய் கொறஞ்சாலும் பிள்ளைக சண்டை போட்டுட்டுல்ல கெடக்கும்" என்பீர்கள். முதலாளி மகள் என்பதால் நான் 'பாப்பா'. எனக்கு வயது இருபத்து மூன்று, உங்களுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

எங்களிடம் வருவதற்கு முன் தாயில்பட்டிப் பக்கம் ஒரு வெடி ஆபீஸில் பதினோரு வருடம் பட்டாசுக்கு மருந்து செலுத்தியவர் நீங்கள். ஏன் வேலையை விட்டு நின்றீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "சாப்பிட உக்காந்தேன். சோத்துல மருந்து வாடை அடிச்சிச்சு. கை வாடைதான்னு கழுவிட்டு வந்தேன். அப்பயும் அடிச்சிச்சு. தூக்குச்சட்டிய மூடிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்." அவ்வளவுதான் சொன்னீர்கள். அந்தக் கேட்டைத் தாண்டி இனிக் கால் வைப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தீர்கள். உங்கள் தங்கை செல்வி மட்டும் அங்கேயே வேலை பார்த்தாள்.

ஊர்க்காரர்கள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஆடுவதற்கு ஒரு திருவிழா வைத்தால் என்ன என்று கேட்டது நான். பலகை விற்கும் என்பதற்காக அத்தா சம்மதித்தார். ஆனால் அதற்கு உருவம் கொடுத்தது நீங்கள். நான் கல்லூரியில் படித்த திமிரில், காலையில் தாயம், மதியம் சதுரங்கம் என்று போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "சாப்பிட்ட பொறகு சதுரங்கமா? எல்லாரும் ராணி மேலயே தல வச்சுத் தூங்குவாக. மதியத்துக்குச் சத்தம் போட்டு ஆடுற ஆட்டமா வைங்க." அடுத்த நாள் இன்னொன்று சொன்னீர்கள். "தோத்தவுகளுக்குன்னு ஒரு மேச போடுங்க பாப்பா. காலைல தோத்துட்டா சாயங்காலம் வரைக்கும் அவுக என்ன செய்வாக? வீட்டுக்குப் போயிருவாக. பாதி மண்டபம் காலியாயிரும்." அப்படித்தான் எல்லாம் அமைந்தது. எட்டு மேசை, பதினாறு அணி, அணிக்கு நான்கு பேர், அரை மணிக்கு ஒரு மணியோசை, தோற்றவர்களுக்கு ஓரமாக ஒரு ஜமுக்காளம். தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம், கடைத்தெரு என்று எல்லாப் பக்கமிருந்தும் பெயர் கொடுத்தார்கள். செல்வியும் அவளோடு ஒரே அறையில் மருந்து செலுத்தும் மூன்று பெண்களும் ஓர் அணி. நான்காம் மேசை அவர்களுக்கு.

கத்திரி முடிந்தும் வெயில் இறங்காத நாட்கள் அவை. அந்த வாரம் முழுக்க நீங்கள் அதிகம் பேசவில்லை. வியாழக்கிழமை பெட்டி ஒட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னீர்கள்.

"செல்வி ஆபீச வேற ஆளுக்கு உள்குத்தகைக்கு விட்ருக்காகளாம். பெரிய ஆர்டராம். ஞாயித்துக்கிழமயும் வரச் சொல்றானாம்."

"ஞாயிற்றுக்கிழமை லீவுதானே?"

"லீவுதான். கேட்டப் பூட்டிட்டு உள்ள வேல பாக்கச் சொல்றான். போகாதன்னு சொல்லிருக்கேன்."

அணிகளின் பெயர்கள் அச்சாகிவிட்டன என்பதுதான் அப்போது என் கவலை. அதைத்தான் சொன்னேன். நீங்கள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி பசையைத் தொட்டீர்கள்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கே கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. பத்தரைக்கு முதல் மணி அடித்தேன். ஏழு மேசையில் தாயக்கட்டை உருண்டது. நான்காம் மேசையில் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் நான்கு பேர் எதிரே ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். "யாரு கூட ஆட?" என்று ஒருத்தி கேட்டாள். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தேன். எத்தனை நாள் கோடு போட்டு, வண்ணம் தீட்டி எழுதியது. ஒரு பெயரை அடித்துவிட்டு எதிரணிக்கு வெற்றி என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு மனம் வரவில்லை.

"அக்கா, லோடு ஆட்டோவை எடுத்துட்டுப் போயி அவங்களக் கூட்டிட்டு வாங்க. முதல் ஆட்டத்தக் கடைசியில வச்சுக்கிறேன்" என்றேன்.

"அந்தக் கேட்டுக்குள்ள நான் போறதில்ல பாப்பா."

"வெளிய நின்னு கூப்பிடுங்க. நாலு பேரும் வந்தாகணும். இல்லன்னா எல்லாமே கோணலாப் போயிரும்."

நீங்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனீர்கள். 'சரி' என்று சொல்லவில்லை.

நீங்கள் போன கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போயிற்று. விசிறிகள் நின்றன. ஆட்டப் பலகைகளாலேயே விசிறிக்கொண்டு ஆடினார்கள். வெளியே ஓர் இலை அசையவில்லை. "இன்னைக்கு வெயில் ஒரு மாதிரி இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டரை மணிக்கு அவர்களோடு வந்தீர்கள். நான்கு பேருக்கும் முழங்கை வரை பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி. குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. அப்படியே நான்காம் மேசையில் உட்கார்ந்தார்கள். செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மா மயங்கி விழுந்துட்டாகன்னு அக்கா கேட்டுல நின்னு சத்தம் போட்டா. போர்மேன் போ போன்னு அனுப்பிட்டாரு. இவளுக மூணு பேரும் தொணைக்கு வந்துட்டாளுக" என்றாள். நீங்கள் சிரிக்கவில்லை. என் அருகே வந்து, "மருந்தக் கலந்து வச்சது வச்சபடி கெடக்கு பாப்பா" என்றீர்கள். எனக்கு அது காதில் விழுந்தது. "ஆடி முடிச்சிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு மணியை அடித்தேன்.

ஒன்றே முக்கால் இருக்கும். தீயணைப்பு வண்டியின் சத்தம் மண்டபத்து வாசலைக் கடந்தது. நம் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் பேச மாட்டார்கள், வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்றுதான் கேட்பார்கள். அத்தனை பேரும் கையில் காயை வைத்துக்கொண்டு கேட்டோம். வண்டி தாயில்பட்டிக்குப் போகும் வெம்பக்கோட்டைச் சாலையில் திரும்பியது. இரண்டாவது வண்டியும் அதே பக்கம் போயிற்று. பிறகு யாரோ ஒருவரின் கைப்பேசி ஒலித்தது. எடுத்துக் கேட்டவர் நான்காம் மேசையைத் திரும்பிப் பார்த்தார்.

செல்வி தாயக்கட்டையைக் கீழே வைக்கவேயில்லை. வெள்ளி படிந்த கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீங்கள் தங்கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள்.

வெடித்தது அந்த அறைதான். நான்கு பேரும் விட்டுவிட்டு வந்த மருந்தை அப்புறப்படுத்த போர்மேன் உள்ளே போயிருக்கிறார். வேறு யாரும் அன்று அந்தப் பக்கம் இல்லை. இறந்தது அவர் ஒருவர் மட்டும்.

முதல் சில நாட்கள் உங்களைக் கும்பிட்டார்கள். இருக்கன்குடி மாரியம்மனே உங்கள் உருவில் வந்து நான்கு உயிரைக் கூட்டிப்போனாள் என்று அந்தப் பெண்களின் வீட்டார் தேங்காய் பழத்தோடு வந்தார்கள். நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதாகச் செல்வி சொன்னாள். அடுத்த வாரம் பேச்சு மாறியது. கலந்த மருந்தை வெயில் நேரத்தில் அப்படியே போட்டுவிட்டு வரச் சொன்னது யார், பொய் சொல்லி அழைத்துப்போனது யார் என்று குத்தகைக்காரன் தரப்பில் கிளப்பிவிட்டார்கள். அவர்கள் இருந்து வேலையை முடித்திருந்தால் வெடித்திருக்காது என்றார்கள் சிலர். இருந்திருந்தால் ஐந்து பேர் என்றார்கள் சிலர். எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி அச்சகத்துக்கு வந்தார். அத்தா, நான், நீங்கள் மூவரும் பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில் நின்றோம்.

"இவங்கள அங்க அனுப்புனது யாரு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தா, "அவுக தங்கச்சியக் கூப்பிட அவுகளாப் போனாக சார்" என்று சொல்லிவிட்டார். அதிகாரி உங்கள் பக்கம் திரும்பினார். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் எனக்காகக் காத்திருந்தீர்கள் என்று தெரியவில்லை. நெடுநேரம் போலிருந்தது.

"ஆமாங்கய்யா. நானாத்தான் போனேன்" என்றீர்கள்.

அவர் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகும் ஐந்து மாதம் வேலைக்கு வந்தீர்கள். புதிய ஆட்டம் ஒன்று வந்தது, ஆடிப் பார்க்காமலே ஒட்டினீர்கள். போர்மேன் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருக்கிறீர்கள். அவர் மனைவி தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நீங்கள் சொல்லவில்லை. தீபாவளி முடிந்ததும் செல்வியோடு திருப்பூருக்குப் போய்விட்டீர்கள்.

பல வருடம் கழித்துச் சாத்தூர் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இருக்கன்குடியில் முடியிறக்கி, தலையில் சந்தனத்தோடு நின்றீர்கள். என்னைக் கண்டதும் "பாப்பா, நல்லாருக்கீகளா? அத்தா சொகமா?" என்று கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அன்று நான் சொல்லியிருக்க வேண்டும், எனக்கு வாய் வரவில்லை, மன்னிச்சிருங்க என்றேன். நீங்கள் கையை விடவில்லை. கோபமாகவும் இல்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஆளுக்குப் பாதியா இருந்திருக்கும் பாப்பா" என்றீர்கள்.

உங்கள் பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தலையை அசைத்தீர்கள். நான் உங்களைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

போன மாதம் செல்வி தொலைபேசியில் சொன்னாள். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றாள். திருப்பூருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் ஆகியிருந்தது. உங்கள் படத்துக்கு முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் 'ஆளுக்குப் பாதி' என்பதே மனத்தில் ஓடியது.

போன வாரம் போர்மேன் வீட்டைத் தேடிப் போனேன். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. யாரென்று கேட்டார். அச்சகத்தின் பெயரைச் சொன்னேன். கை நின்றது.

"அவ இப்ப எங்க இருக்கா?"

"போன மாசம் தவறிட்டாங்க."

அவர் உருட்டி வைத்த குழாய்களை ஒருபுறமாக ஒதுக்கினார். பிறகு, "தெனமும் வெளக்கு வைக்கையில அவளத்தான் வைவேன். அவ பேரச் சொல்லி. இத்தன வருசமா" என்றார்.

"அவங்களா அந்தக் கேட்டுக்குப் போகல. நான்தான் அனுப்பினேன்" என்றேன்.

"எதுக்கு?"

"ஆட்டத்துக்கு ஆள் குறைஞ்சது."

"ஆட்டத்துக்கா?"

"ஆமா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கத்துவார், மண்ணை வாருவார் என்று காத்து நின்றேன். அவர் பசைக் கையைச் சேலையில் துடைத்தார்.

"ஒங்க பேரென்ன?"

சொன்னேன். அவருக்கு வாயில் நுழையவில்லை, வேறு மாதிரி சொன்னார். நான் திருத்திச் சொன்னேன். சரியாக வரும்வரை மெதுவாக இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு அடுத்த காகிதத்தை எடுத்து உருட்டத் தொடங்கினார்.

அக்கா, இனி அந்த வீட்டில் உங்கள் பெயர் வராது. பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரமானால் எனக்குத் தெரிந்துவிடுகிறது, இந்நேரம் அங்கே என் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார் என்று.