கோச்சுக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி

பிப்ரவரி 8, ஞாயிறு

மறுபடியும் தோல்வி. 0-2. அதுவும் சொந்த கிரவுண்டில்.

ஒரு கோல் வாங்கி நிற்கிறோம். திருப்பி அடிக்க ஆள் வேண்டும். நம்ம கோச் சூசைமாணிக்கம் என்ன செய்தார்? ஸ்ட்ரைக்கர் பழனிக்குமாரை வெளியே எடுத்துவிட்டு இன்னொரு டிபெண்டரை உள்ளே விட்டார். வீடு பற்றி எரியும்போது வாசலைப் பூட்டுகிற மனுஷன். பூட்டிய ஐந்தாவது நிமிடம் ரெண்டாவது கோல். எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தண்ணி பாட்டிலை நசுக்கியே போட்டேன்.

ஆட்டம் முடிந்து வெளியே டீக்கடையில் ஒரே சண்டை. கோட்டை எஃப்.சி. ரசிகர் குரூப்பில் நான் ஒருத்திதான் பெண். ஆனால் சண்டையில் யாருக்கும் குறைந்தவள் இல்லை. குரூப்பை நடத்தும் ஆனந்த்ராஜ், "கோச்சிங் லைசென்ஸ் இருக்கு, அறிவு இல்ல" என்றான். ஆட்டோ ஓட்டும் மலைச்சாமி அண்ணன் மட்டும் கோச் பக்கம். "இருக்கிற அரிசியிலதானப்பா பொங்க முடியும்?"

"பொங்கட்டும்ணே. வேகுறதுக்குள்ள இறக்கி வச்சா என்ன அர்த்தம்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

பிப்ரவரி 10

இன்றைக்கு மூன்று சாவுப் போஸ்டர். போஸ்டர் அடிக்கிற கடையில் டிசைனராக இருந்தால் ஊரில் யார் போனார்கள் என்று எமனுக்கு அடுத்தபடி நமக்குத்தான் தெரியும்.

மூன்றாவது ஆர்டர் வாட்ஸ்அப்பில் வந்தது. போட்டோ, பேர், தேதி எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் முதலாளி மன்சூர் பாய் மெஷினைத் தொடவிடவில்லை. அந்த வீட்டு ஆள் ஒருத்தர் கடைக்கு வந்து முகத்தைக் காட்டணும், குறைந்தது போனிலாவது பேசணும். இருபது வருஷமாக அவர் சட்டம். "கல்யாணப் போஸ்டர்ல தப்பு வந்தா சிரிச்சுட்டுப் போயிருவாங்கம்மா. இதுல வந்தா, படிக்கிறவன் நெஞ்சுல அடிக்கும்" என்பார். ரொம்பத்தான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

0-3. எழுதவே கை வரவில்லை.

அறுபதாவது நிமிடம் பழனிக்குமார் வெளியே. அதே நேரம், அதே பையன். பஸ் டைமிங் மாதிரி.

குரூப்பில், கோச் தேறுவாரா மாட்டாரா என்று ஓட்டு வைத்தோம். மலைச்சாமி அண்ணனைத் தவிர எல்லாரும் 'வெளியே போ'. அப்போது ஆனந்த்ராஜ் எனக்குத் தனியாக போன் செய்தான். "ஏத்தா தமிழ்நிலா, இந்தாளுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி அடிச்சா என்ன?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாய் நத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாவி என்னிடம்.

கிளப்பின் இணையப் பக்கத்தில் இருந்த போட்டோவை எடுத்தேன். பிறந்த தேதியும் அங்கேயே இருந்தது. கிறித்தவர் என்பதால் குத்துவிளக்கை எடுத்துவிட்டு மெழுகுவத்தி. 'தோற்றம் - மறைவு' வேண்டாம், அவர்கள் போடுவதுபோல 'மண்ணில் 1.6.1982 - விண்ணில் 15.2.2026'. மேலே சிலுவை. கீழே 'கண்ணீருடன், கோட்டை ரசிகர்கள்'. எல்லாவற்றுக்கும் அடியில் பொடி எழுத்தில், 'பதவியில் மட்டும்'. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதுதான் ஜோக்கே.

அச்சு அசல். இந்தக் கடையில் நான் செய்ததிலேயே சுத்தமான வேலை இதுதான். ஒரு கட்டு அடித்து ஆனந்த்ராஜிடம் கொடுத்தேன்.

பிப்ரவரி 16

காலையில் குரூப்பைத் திறந்தால் படம் படமாக வருகிறது. பஸ் ஸ்டாண்டு, கிரவுண்டுச் சுவர், பூ மார்க்கெட். விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "டிசைன் யாரு? கையைக் குடுங்கப்பா!" - நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் நாலு தடவை படித்தேன்.

மத்தியானம் மலைச்சாமி அண்ணன் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தினார். முகம் செத்துப் போயிருந்தது.

கோச்சுக்கு ஒரு அக்கா. சகாயராணி. செம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். கோச் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், தாய் தகப்பன் இல்லாதவர், அக்காதான் வளர்த்தது. அந்த அம்மா தினமும் விடியற்காலையில் மல்லிகைப்பூவோடு மார்க்கெட்டுக்கு வரும். இன்றைக்கும் வந்திருக்கிறது. சுவரைப் பார்த்திருக்கிறது. பூக்கூடையோடு அப்படியே சரிந்துவிட்டது.

கூட வந்தவர்கள் ஊருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். கோச் போன் ஆஃப் - தோற்றுவிட்டு வந்து ஆஃப் பண்ணிவிட்டுப் படுத்திருக்கிறார், பின்னே நாம்தானே விடிய விடியத் திட்டுகிறோம். ஊர்ச்சனம் டெம்போ பிடித்து, மாலை கட்டி எடுத்துக்கொண்டு, கோச் வீட்டுக்குக் கேதம் விசாரிக்க வந்துவிட்டது. தெருமுனையிலேயே பெண்கள் ஒப்பாரி. கோச் வாயில் பிரஷ்ஷோடு வந்து கதவைத் திறந்திருக்கிறார். மாலையும் கையுமாக நின்ற சொந்தக்காரர்களைப் பார்த்து, "யாருப்பா தவறிட்டாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணன் சொன்னார்: "சவாரி கொண்டு போய் நான் அந்தத் தெருவுலதான் நின்னேன். அந்த மாலைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம ஒரு ஆளு முழிச்சான் பாரு."

நேற்று இதே நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 17

அந்த அம்மா பெரியாஸ்பத்திரியில். உயிருக்கு ஆபத்தில்லையாம். இடது கைதான் எழும்பவில்லையாம்.

ஆனந்த்ராஜ் குரூப்பில் எல்லாப் படத்தையும் அழித்துவிட்டான். எனக்குப் போன் செய்தான். "கீழ 'பதவியில் மட்டும்'னு போட்டிருக்கோம்ல? படிக்காம அழுதா நாம என்ன பண்றது? நீ வாயத் திறக்காத."

சாயங்காலம் மன்சூர் பாய் எங்கிருந்தோ கிழித்து வந்த பாதிப் போஸ்டரை மேசையில் விரித்தார். இடது ஓரத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. எங்கள் மெஷினில் மட்டும் விழுகிற கோடு. ஆறு மாசமாகச் சரி பண்ணணும் பண்ணணும் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"நம்ம பிரிண்ட் மாதிரி இருக்கேம்மா?"

"தெரியல பாய்."

என் வாய்தான் சொன்னது. "சரிம்மா" என்று மடித்து உள்ளே வைத்தார். திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருக்கலாம். சீ, என்ன பொழப்பு இது.

பிப்ரவரி 18

சோறு இறங்கவில்லை. அம்மா, "யாரோடயும் சண்டையா?" என்றாள். இல்லை என்றேன். ரெண்டாவது பொய்.

பிப்ரவரி 22, ஞாயிறு

1-1. கோச் வந்திருந்தார். அதே நீலச் சட்டை, அதே இடம். கேலரியில் ஒரு சத்தம் இல்லை, எழவு வீடு மாதிரி - பார், எனக்கு வேறு உவமையே வரமாட்டேன் என்கிறது.

அறுபதாவது நிமிடம் பழனிக்குமாரை எடுத்தார். ஒருத்தர்கூட கத்தவில்லை. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஏறிய வேகத்தில் கூசிப்போனேன். இந்த மனுஷன்மேல் கோபப்பட எனக்கு இனி என்ன யோக்கியதை?

ஆனாலும் பொய் எழுதமாட்டேன். இன்னும் அவர் நல்ல கோச் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு ஆட்டம் தெரியவில்லை என்பது ஒரு விஷயம். நான் செய்தது வேறு விஷயம். ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, 'அவர் ஒழுங்காக ஆடவைத்திருந்தால் நான் ஏன்...' என்று மனசு ஆரம்பிக்கும்போதே அதன் வாயில் அடிக்கவேண்டும்.

மார்ச் 3

ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு. அந்த அம்மா போன வாரமே வீட்டுக்குப் போய்விட்டதாம். ஆப்பிளை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தேன். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 12

இன்றைக்கு சகாயராணி அக்கா கடைக்கு வந்தார்.

யாரென்று தெரியாமல், "வாங்கம்மா, என்ன அடிக்கணும்?" என்று கேட்டேன். பேர் சொன்னதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். பாய் கல்லாவில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

"எந்தம்பிக்குப் பொறந்தநாள் போஸ்டர் அடிக்கணும்த்தா. அந்தப் பாழாப்போன போஸ்டர் பாதி கிழிஞ்சும் கிழியாம இன்னும் ஒட்டிக்கிட்டு நிக்கிது. பஸ்ஸுல வாரப்போ கண்ண மூடிக்கிட்டுத்தான் வாரேன். அது மேலயே இத ஒட்டிப்புடணும்."

இடது கை விரல்களை வலது கையால் மடக்கி மடக்கி விட்டுக்கொண்டே பேசினார். இப்போது பூக்கட்ட முடியவில்லையாம். உதிரியாகவே விற்கிறாராம்.

தேதி கேட்டேன். "மார்ச் பத்தொம்பது. சூசையப்பர் திருநாள்ல பொறந்தவன், அதான் அந்தப் பேரு. ஜூன் ஒண்ணுங்கிறது பள்ளிக்கூடத்துல வாத்தியாரு போட்டது." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அந்தப் போஸ்டருல அந்தத் தேதிதான் இருந்துச்சு. அதப் பாத்துட்டு, இது நம்ம பய இல்ல, இவனாட்டம் வேற எவனோன்னு செத்த நேரம் நம்பிக்கிட்டு நின்னேன்த்தா. மூஞ்சியப் பாக்காம தேதியவே பாத்துக்கிட்டு நின்னேன். கீழ ஏதோ பொடி எழுத்து இருந்துச்சாமே, கண்ணாடி இல்லாம எனக்கு அதெங்க தெரியுது?"

திரையில் மெழுகுவத்தி வைத்த அதே போட்டோ. இந்த முறை பலூன். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "சிரிச்சாப்ல இருக்கா?" என்று கேட்கிறார்.

"யாரு அடிச்சாங்கன்னு தெரியுமாக்கா?" எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"தெரிய வேணாம்த்தா. தெரிஞ்சா சாபம் விட்டுருவேன். செத்துட்டதாப் பேச்சு வந்தா ஆயுசு கூடும்பாங்க. அவனுக்குக் கூடிருச்சுன்னு வச்சுக்கிட்டேன்."

அவர் போனதும் பாய் பேப்பரை மடித்தார். "வீட்டு ஆளு முகத்தப் பாத்தாச்சாம்மா?" என்றார். அவ்வளவுதான். அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும். எங்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போகுது?"

மார்ச் 18

போஸ்டரை நானே ஒட்டினேன். ஆனந்த்ராஜைக் கூப்பிட்டேன், கடையில் வேலை இருக்கிறதாம். மலைச்சாமி அண்ணன் பசை வாளியோடு வந்தார். பட்டப்பகலில் ஒரு பெண் சுவரில் போஸ்டர் ஒட்டினால் திண்டுக்கல்லே நின்று பார்க்கிறது. பார்க்கட்டும்.

காலையிலேயே பூ மார்க்கெட். சுவருக்கு எதிரேதான் அக்கா உதிரி மல்லிகையைக் குவித்து வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒட்டியிருக்கலாம். ஒட்டிவிட்டு வந்திருக்கலாம்.

பசைக் கையோடு போய் எதிரே குத்தவைத்தேன். "அக்கா, அந்தப் போஸ்டரும் நான் செஞ்சதுதான். விளையாட்டுக்குன்னு செஞ்சேன்."

பூவை அளந்துகொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்த்தார். சாபம் வரும் என்று காத்திருந்தேன், வந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

"விளையாட்டு" என்றார். பிறகு, "போ. ஓரம் பிரியாம ஒட்டு."

ஒட்டினேன். கண் தெரியவில்லை, கையால் தடவித் தடவி நாலு ஓரமும் அழுத்தினேன். திரும்பியபோது அவர் வேறு யாருக்கோ பூ அளந்துகொண்டிருந்தார்.

குரூப்பிலும் என் பேரில் எழுதிவிட்டேன். ஆனந்த்ராஜ் என்னை நீக்கிவிட்டான்.

மார்ச் 22, ஞாயிறு

டிக்கெட் எடுத்துத் தனியாகப் போனேன். கோச்சை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சீசன் முடிந்ததும் முடிவு செய்வார்களாம். டீக்கடையில் மறுபடியும் அந்தச் சண்டை ஆரம்பித்திருக்கிறது, அடங்கிய குரலில்.

அக்கா எனக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

0-1 என்று பின்தங்கியிருக்கிறோம். அறுபதாவது நிமிடம். பலகையில் பழனிக்குமார் நம்பர். கேலரியில் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அக்கா எழுந்தார். ஒரு கையை மட்டும் தூக்கி, "ஏலே சூசை! அவன ஏன்டா வெளிய எடுக்குற? கோல உங்கப்பனா வந்து அடிப்பான்?"

கேலரியே வெடித்துச் சிரித்தது. ஒரு மாசமாக அடைத்துக் கிடந்த சத்தமெல்லாம் ஒன்றாக வந்தது. கோச் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அக்கா உட்காரப்போனவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன வாயை மூடிக்கிட்டு இருக்க? அம்புட்டு தெரிஞ்சவதானே. கத்து."

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.