எட்டு ஆள் தண்ணீர்

1.3.93 திங்கள்
காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். மிளகாய்க்கு மூன்று மணி நேரம் மோட்டார். பிறகு பள்ளிக்கூடம். தங்கை மகள் செல்வி அங்கே டீச்சர். தண்ணீரை நாளைக்கும் மிச்சம் வைப்பது எப்படி என்று பாடம் நடத்துகிறாள். கிணற்றுக்காரர் ஒருவர் வந்து பேச வேண்டுமாம். எட்டாவதோடு நின்றவனுக்கு நாற்காலி! திருச்சுழி தாலுகாவிலேயே இப்படி ஒருத்தரும் பேசியிருக்க மாட்டார்கள். எந்தக் கோடையிலும் என் கிணற்றில் எட்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்றேன். செல்வி அப்படியே சார்ட்டில் எழுதிவிட்டாள். பிள்ளைகள் நட்ட இருபது வேப்பங்கன்றுக்கும் கோடை முழுக்க நம் தண்ணீர்தான் என்றேன். ஒரே கைதட்டல். வீடு வந்த பிறகு கிணற்றுப் பக்கம் போகவில்லை.

3.3.93 புதன்
முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.
பிள்ளைகள் கிணறு கிணறாக அளக்கிறார்கள். கயிற்று நுனியில் கல், முழத்துக்கு ஒரு முடிச்சு. நனைந்த முடிச்சை எண்ணினால் ஆழம். திங்களன்று நம் கிணறாம்.
"நம்ம கெணத்த எதுக்குத்தா அளக்கணும்? ஊருக்கே தெரியுமே."
"எல்லாத்தையும் அளந்தாத்தான் மாமா பாடம். செவ்வாக்கெழம பள்ளிக்கூடத்தப் பாக்க ஆபீசரு வேற வாராரு."

6.3.93 சனி
மூன்று நாளாக மோட்டாரை நிறுத்திப் பார்க்கிறேன். தண்ணீர் ஊறினால்தானே. மனைவி ஒரே சத்தம்: "மிளகா சுருண்டு கெடக்கு. நீங்க கெணத்துக்குள்ள என்னத்தத் தேடுறீக?"
அசதி. சாப்பாடு இறங்கவில்லை.

8.3.93 திங்கள்
பிள்ளைகள் வந்தார்கள். நூறு பேர் இருக்கும், முப்பது என்கிறாள் செல்வி. கல் இறங்கியது. பாறையில் 'ணங்' என்று சத்தம். நனைந்தது மூன்று முடிச்சு. மூன்று முழம். ஒரு ஆள்கூட இல்லை.
"புதுக் கயிறுல்ல, நனஞ்சா நீளும்" என்றேன்.
பாண்டியம்மா என்று ஒரு வாயாடி: "இதே கயிறுதான் தாத்தா எங்க கெணத்துலயும் எறங்குச்சு. அங்க நீளலையே?"
எல்லாரும் சிரித்தார்கள், செல்வியைத் தவிர. "அளக்காம எழுதாதீகன்னு இதுகளுக்குச் சொல்றவ நானு. உங்க பேச்ச நம்பி சார்ட்டுல ஏத்திட்டேனே மாமா. நாளைக்கு ஆபீசரு கேட்டா என்ன சொல்வேன்?"
கயிற்றைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தேன்.

9.3.93 செவ்வாய்
புழுதிக் காற்று. யாரும் கூப்பிடாமலே பள்ளிக்கூடம் போனேன். ஆபீசர் உட்கார்ந்திருக்கிறார். பேனா வாங்கி, சார்ட்டில் எட்டு ஆளை அடித்து, மூன்று முழம் என்று என் கையாலேயே எழுதினேன். "டீச்சர் மேல தப்பில்லங்கய்யா. நான் சொன்ன அளவு அது."
"மிச்சத் தண்ணி எங்க போச்சு பெரியவரே?" என்றார் சிரித்துக்கொண்டே.
நாக்கில் நாலு கதை தயார். பூமி நடுக்கம்கூட ஒன்று. சொல்லத் தெம்பில்லை. "மிளகாக் காட்டுக்குத்தான் எறச்சேன்" என்றேன்.
பாண்டியம்மா எழுந்தாள். "அப்ப வேப்பங்கன்னுக்கு?"
செல்வி என்னையே பார்த்தாள்.
"பாதி மிளகாய விட்டுர்றேன், அந்தத் தண்ணி கன்னுக்கு" என்றது என் வாய்தான்.
உடனே அதையும் சார்ட்டில் எழுதிக்கொண்டார்கள். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.