மீன்குளத்து நாணல்

அன்பு மருமகளே,

கோபத்தில் நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். உன் மீன்குளத்துக் கரை நாணலை இந்த மாமா டிராக்டர் விட்டு உழுதது ஊரே கைதட்டிய காட்சி. துண்டான வேர் ஒவ்வொன்றும் முளைத்து, குளம் முழுக்கவும் பக்கத்துப் பொது ஏரிக்கும் பரவியதுதான் கொஞ்சம் கூடுதல்.

ஏரிக் கமிட்டித் தலைவர் வந்து குதித்தார். "வெள்ளிக்கிழமை ஏரி, குளம் ரெண்டுலயும் களைக்கொல்லி மருந்தடிக்கிறோம். மீன் செத்தா எங்களைக் கேக்காதீங்க!"

"என் மருமக மீன்மேல ஒரு சொட்டு படட்டும், பாக்கலாம்!" என்று நான் கர்ஜித்ததில் அவர் தொப்பியே பறந்துவிட்டது.

"அப்ப அதுக்குள்ள உங்க குளத்து நாணலையாவது கையால வேரோட பிடுங்கிக் காட்டுங்க, வீரரே."

மார்பளவுத் தண்ணீரில் நின்று பிடுங்குகிறேன். எனக்கு யானை பலம்தான், ஆனாலும் பாதிக் குளம் பாக்கி. நீ வந்துவிடுவாய், இரண்டு பேருமாக முடித்துவிடுவோம் என்று அவரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன். பெரிய மனுஷன் பேச்சைப் பொய்யாக்கிவிடாதே, கண்ணு.

உன் ஒரே மாமா